பார்க்காமல் வரைந்த சூரியன்

பதினோரு வருடம் நான் சூரியனை வரைந்தேன். அதுதான் என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். "அதுல என்ன இருக்கு, ஒரு வட்டம் போட்டா முடிஞ்சுது" என்பார்கள். எனக்கு வருகிற எரிச்சலுக்கு, அவர்கள் கையில் பென்சிலைக் கொடுத்து மூன்று மாடி ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகலாம் போலிருக்கும். வட்டம் தாளிலேயே அச்சாகி வந்துவிடும். அதற்குள்ளே இன்றைக்கு என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் நிலையத்தின் மூன்றாவது மாடியில், தள்ளினால் கூரை உருண்டு விலகும் ஓர் அறை. நடுவில் ஐந்து அங்குலத் தொலைநோக்கி. அதன் வழியாக யாரும் சூரியனை நேராகப் பார்ப்பதில்லை. பார்த்தால் கண் அவ்வளவுதான். கண் வைக்கிற இடத்தில் ஐபீஸ் என்று ஒரு சின்ன வில்லைக்குழல் இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு பலகை. பலகையில் தாளைக் கிளிப் போட்டு மாட்டினால், சூரியனின் பிம்பம் வட்டம் நிறைய வந்து விழும். அதில் தெரிகிற கரும்புள்ளிகளின் மேலேயே பென்சிலை வைத்து வரைய வேண்டும். புள்ளியின் நடுவில் கறுப்பாக இருப்பது கருநிழல். அதைச் சுற்றிச் சாம்பலாக இருப்பது புறநிழல். காற்று நடுங்கும் நாளில் எல்லாமே அடுப்பில் வைத்த தண்ணீர் மாதிரி கொதிக்கும். பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது.

ஒரே சூரியனை இரண்டு பேர் தனித்தனியாக வரைய வேண்டும் என்பது விதி. ஒன்பது மணிக்கு நான். ஒன்பதரைக்கு அத்தான். என் அக்காவின் கணவர்தான். அவர் தயவில்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். பரீட்சை எழுதித் தேறி வந்தவள் நான். பேசியவர்களை நேருக்கு நேர் கேட்டு வாயடைத்திருக்கிறேன். அத்தான் என்னைப் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது. வரைந்ததும் பூட்டிய பெட்டியின் வாய் வழியாகப் போட்டுவிட வேண்டும். பதினொரு மணிக்கு எங்கள் தலைவர் பெட்டியைத் திறந்து இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். அவருக்கு நான் வைத்த பெயர் கிரகணம். அறைக்குள் வந்தால் இருக்கிற கலகலப்பெல்லாம் போய்விடும்.

அந்த நாளுக்கு வருகிறேன். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒரு வாரமாக ஒழுகியது. கீழே வாளி வைத்து, வாளி நிரம்பி, நான் எழுந்து ஓடி, இதே வேலை. குழாய்க்காரர் ஒருவழியாக, "ஒன்பதரைக்கு வரேன். வீடு பூட்டியிருந்தா அப்புறம் அடுத்த வாரம்தான்" என்று சொல்லியனுப்பினார். கிரகணத்திடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டேன்.

"சூரியன் உங்க குழாய்க்காகக் காத்திருக்குமாம்மா? வரைஞ்சு போட்டுட்டு அப்புறம் போங்க" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே! உடம்பெல்லாம் எரிந்தது. மாடிக்கு ஏறுகிறவள் போல ஏறி, இரண்டாவது மாடியில் என் மேசைக்கே போய் உட்கார்ந்தேன். முந்தின நாள் படத்தின் நகல் என்னிடம் இருந்தது. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் புள்ளிகள் நாளுக்கு நாள் கிழக்கிலிருந்து மேற்கே நகரும். வட்டத்தின் நடுவில் ஒரு விரல் அகலம், விளிம்புப் பக்கம் அதில் பாதிகூட இல்லை. கோடு போட்ட கண்ணாடித்தாளை மேலே வைத்தால் நாளைக்கு எந்தப் புள்ளி எங்கே இருக்கும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். அப்படியே செய்தேன். நான்கு புள்ளிகளை நகர்த்தினேன். ஒன்றை லேசாகச் சுருக்கினேன். பார்த்து வரைந்த மாதிரி இருக்க வேண்டுமே. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதை இவ்வளவு சரளமாகச் செய்ய எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். தாளைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். குழாய் சரியாகிவிட்டது.

திரும்பி வந்தபோது மணி பதினொன்றரை. கிரகணத்தின் அறையில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் இரண்டு படங்கள். அத்தானுடையதில் வடகிழக்கில், மற்றவற்றிலிருந்து விலகி, புதிதாக மூன்று புள்ளிகள் இருந்தன. ஒன்றுக்குப் புறநிழல்கூடப் போட்டிருந்தார். என்னுடையதில் அந்த இடம் வெறும் வெள்ளை.

"அரை மணி நேரத்துல புறநிழலோட ஒரு புள்ளி முளைக்காது" என்றார் கிரகணம். "அதுக்குப் பல மணி நேரம் ஆகும். உங்களுக்குத் தெரியாததா? தூசியா இருக்கும்."

"தூசின்னா ஐபீஸைத் திருப்பினா கூடவே சுத்தும் சார். திருப்பிப் பார்த்தேன். சுத்தலை. தாளையும் ஆட்டிப் பார்த்தேன். அது அங்கேயேதான் இருந்துச்சு."

கிரகணம் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அங்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். வீட்டில் ஊரையே அதட்டுகிற வாய் எனக்கு. அன்றைக்கு அது ஒட்டிக்கொண்டது.

"என் படத்துல இருக்கறதுதான் சார்" என்றேன்.

அத்தான் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. குழப்பமாக. பிறகு தன் படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

மறுபடி மேலே போய்ப் பார்க்கலாமென்றால், பதினொன்றுக்கே மேகம் சூழ்ந்துவிட்டது. ஐந்து நாள் மழை. வெயில் வந்தபோது, அவை நகர்ந்து வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. சின்னப் புள்ளிகள் அப்படித்தான், வரும், போகும். வானத்திலிருந்து நிமிடத்துக்கொரு படம் அனுப்பும் செயற்கைக்கோளெல்லாம் அப்போது கிடையாது. கிரகணம் கையை விரித்தார். "மூணு மாசம் பார்ப்போம். ரெண்டு பேர் படமும் ஒத்துப்போகுதான்னு. இல்லேன்னா அவரைத் தொலைநோக்கியிலேர்ந்து எடுத்துக் கீழே பதிவறைக்கு அனுப்ப வேண்டியதுதான். ஐம்பத்தஞ்சு வயசாகுது. கண்ணு ஒரே மாதிரி இருக்குமா?"

இருபத்தாறு வருடம் அந்தக் கண்ணை நம்பிய நிலையம் அது.

அக்கா அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மருத்துவர் பார்த்துவிட்டு, கண்புரை லேசாக ஆரம்பித்திருக்கிறது, இந்த வயதில் எல்லோருக்கும் இருப்பதுதான் என்றார். எல்லோருக்கும் என்பது யார் காதிலும் விழவில்லை. அக்கா ஸ்கூட்டர் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அத்தான் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, இது எறும்பா, இல்ல என் கண்ணா?" என்று அக்காவைக் கேட்டார்.

எறும்புதான். அக்கா சிரித்துக்கொண்டே தட்டி விட்டாள். அவரும் சிரித்தார். நான் மிச்சச் சோற்றைத் தட்டோரம் ஒதுக்கினேன். தண்ணீரைக் குடித்து எழுந்துவிட்டேன். "என்னடி, பாதியில எழுந்துட்டே?" என்று அக்கா கத்தினாள். வயிறு சரியில்லை என்று ஒரு பொய். ஒன்று சொன்னவளுக்கு இரண்டாவது கஷ்டமா என்ன?

உங்களுக்கு நான் பெரிய கல்நெஞ்சக்காரி என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. கடல் தாண்டி இன்னொரு நிலையம் எங்களைப் போலவே தினமும் சூரியனை வரைந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படங்களைத் தபாலில் மாற்றிக்கொள்வோம். அவர்கள் படத்தில் அந்த மூன்று புள்ளிகள் இருக்கும், அத்தான் தப்பித்துவிடுவார், என்னைக் 'கவனக்குறைவு' என்று திட்டுவார்கள், திட்டட்டும். நான் வாய் திறக்காமலேயே எல்லாம் சரியாகிவிடும். மூன்று மாதமும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன். தூங்கினேன் என்பதுகூடப் பொய்.

தபால் வந்த அன்று உறையை நானே பிரித்தேன். அந்தத் தேதிக்கான தாளை எடுத்தேன். அச்சடித்த வட்டம். உள்ளே ஒரு புள்ளியும் இல்லை. குறுக்கே ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: மேகம்.

பார்க்க முடியாத நாளில் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். அவ்வளவு எளிமையான காரியம் அது. அவர்கள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் வர வேண்டிய ஆத்திரம் என்று தெரியாமல் இல்லை.

கெடு முடிய இன்னும் நான்கு நாள். இந்த மூன்று மாதமும் நான் ஒழுங்காகத்தான் வரைந்துகொண்டிருந்தேன். ஒழுங்கு என்றால் பைத்தியக்காரத்தனமான ஒழுங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஐபீஸைத் திருப்பி, தாளை ஆட்டி, மூன்று முறை சரி பார்த்து. தபால் வந்ததற்கு மறுநாள் காலை மேற்கு விளிம்பருகே கடுகளவில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. காற்று அடங்கும்போது மட்டும் பளிச்சென்று வரும், பிறகு கரைந்துவிடும். இருபது நிமிடம் காத்திருந்து உறுதிசெய்து வரைந்தேன். மனசுக்குள் ஒரு சந்தோஷம். இதை அத்தான் விடவே மாட்டார். என்னைவிடக் கூர்மையான கண். இரண்டு படமும் ஒத்துப்போகும். கிரகணம் மனம் மாறிவிடுவார்.

பதினொரு மணிக்குப் பெட்டி திறந்தது. அத்தானின் படத்தில் அந்த இரண்டு புள்ளிகளும் இல்லை.

"அன்னிக்கு இல்லாததைப் போட்டார். இன்னிக்கு இருக்கறதை விட்டுட்டார்" என்றார் கிரகணம். குரலில் குத்தல் இல்லை, வருத்தமே இருந்தது. "நான் இனிமே என்னம்மா பண்றது?"

அத்தானைத் தேடிக்கொண்டு ஓடினேன். படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்திருந்தார். முன்பெல்லாம் பிடிக்க மாட்டார்.

"அத்தான், மேற்கு ஓரத்துல ரெண்டு சின்னது இருந்துச்சே. பார்க்கலையா நீங்க?"

"பார்த்தேன்" என்றார்.

"பார்த்தீங்களா? அப்புறம் ஏன் போடலை?"

"ரொம்ப நேரம் பார்த்தேன் பட்டாசு. ரெண்டு இருந்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கும் மூணு இருந்த மாதிரிதானே இருந்துச்சு?" ஒரு படி இறங்கினார். "என் கண்ணு சொல்றதையெல்லாம் போட்டுட்டே இருந்தா, அந்தப் பதிவேடு என்னத்துக்கு ஆகும்? பயமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போகும், மானம் போகும் என்றெல்லாம் மூன்று மாதமாக நான் கட்டி வைத்திருந்த பயம், அந்த இரண்டு புள்ளிக்கு முன்னால் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. இருக்கிற புள்ளியை, தன் கண்ணாலேயே பார்த்த புள்ளியை, இந்த மனிதரே அழிக்கும்படி நான் செய்திருக்கிறேன்.

"அத்தான், அன்னிக்கு நான் மேல போகவே இல்லை."

"எங்க?"

"மாடிக்கு. குழாய்க்காரர் வந்தார்னு வீட்டுக்குப் போனேனே, அன்னிக்கு. முந்தின நாள் படத்தை நகர்த்திப் போட்டுட்டுப் போயிட்டேன். தொலைநோக்கியைத் தொடக்கூட இல்லை."

அவருக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. புரிந்ததும், என்னைத் திட்டுவார், அறைவார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அப்போ மூணும் இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சு அத்தான். உங்களுக்குத் தெரிஞ்சதுன்னா இருந்துச்சு."

அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். என்னை மன்னித்த முகமில்லை அது. நான் அங்கே இருப்பதே அவருக்கு நினைவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். பிறகு பதிவேட்டுக்குப் பொறுப்பான ஆளாகிவிட்டார்.

"அன்னிக்கு மட்டுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன்னைத்தான் கேக்கறேன். அன்னிக்கு மட்டுமா?"

"இல்லை."

நீங்கள் காத்திருந்த பதில் இதுதான். முதல் தடவை நான்காவது வருடம். கூரை சிக்கிக்கொண்டு உருளவில்லை. ஆளைக் கூப்பிடச் சோம்பல். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பிறகு மெல்லிய மேகம் இருந்த நாட்கள், தலைவலி நாட்கள், சும்மா மனசு சரியில்லாத நாட்கள்.

"எத்தனை நாள்?"

"தெரியலை அத்தான்."

"எந்தெந்த நாள்னாவது தெரியுமா?"

"தெரியலை."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "சே!" என்றார். அவ்வளவுதான். எழுந்து, கைப்பிடியைப் பிடிக்காமல், கடகடவென்று இறங்கிப் போய்விட்டார்.

கிரகணத்திடம் நானே போய்ச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அவர் கத்தவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்க கோடு எவ்வளவு சுத்தம்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேனேம்மா" என்றார். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் அவளிடமும் சொன்னேன். ஸ்கூட்டர் சாவியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "மூணு மாசம்டி. மூணு மாசம் அந்த மனுஷனைக் கையைப் பிடிச்சு ரோடு தாண்ட வெச்சேன். நீ பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தே" என்றாள். அவள் அழுதுகொண்டே சொன்னதால் நான் அழவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

என்னைத் தொலைநோக்கியிலிருந்து எடுத்தார்கள். அத்தான் மேலேயே இருந்தார். எனக்குக் கடைசியாக ஒரு வேலை கொடுத்தார்கள்: என் பதினோரு வருடப் படங்களையும் நானே பிரிக்க வேண்டும். நிச்சயமாகப் பார்த்து வரைந்தவை ஒரு பெட்டியில். மற்றவை 'நம்பத் தகாதவை' என்று எழுதிய பெட்டியில். பதிவறைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். முதல் மூன்று வருடம் சுலபம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளாகத் திணறினேன். அதே கை, அதே பென்சில், அதே சுத்தமான கோடு. பார்க்காததைப் பார்த்த மாதிரி வரைய அவ்வளவு பாடுபட்டிருக்கிறேன். இப்போது எனக்கே பிடிபடவில்லை. இரண்டாவது பெட்டி நிரம்பிக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் காலை, மாடிக்குப் போகிற வழியில் அத்தான் உள்ளே வந்தார். படிக்கட்டில் பேசியதற்குப் பிறகு அன்றுதான் என் பக்கம் வருகிறார். நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல், பிரிக்காத கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். ஆறாவது வருடத்துப் படம். சூரியனின் நடுவில் ஒரு பெரிய கூட்டம், முப்பதுக்கு மேல் புள்ளிகள். அன்றைக்கு எங்கள் இருவர் படமும் ஒரு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. 'என் மச்சினி கண்ணைப் பாருங்க' என்று நிலையம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார் மனிதர்.

"இது?" என்றார். "இதாவது பார்த்து வரைஞ்சதா?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைத்தான் கேட்க வந்திருக்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. உண்மையாகவும் இருக்கலாம். தாளை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்து, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். அந்தக் காலை எப்படி இருந்தது, காற்று எப்படி இருந்தது, கூரையைத் தள்ளினேனா என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"தெரியலை அத்தான்" என்றேன்.

அவர் கையை நீட்டித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே குனிந்து அதை இரண்டாவது பெட்டியில் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று மாடிக்குப் போனார்.